கூத்தும் குடிவரவும்: சித்தூர், திருப்பதித் தமிழர் வரலாற்றுக்கு ஒரு சான்று

சங்க மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று எழுதித் தரவேண்டும் என்று நண்பர்கள் அன்புடன் கேட்டார்கள். வேங்கடம் தமிழகத்தின் வட எல்லை என்பது பற்றித்தான் எழுதுவேன் என்று அவர்கள் நினைத்திருக்கக் கூடும். தொல்காப்பியப் பாயிரம் அவ்வெல்லையைச் சொல்கிறது. திருமலைக் கோயில் கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழில் இருக்கின்றன. பல்லவர் குலத்துச் சாமவை என்னும் அரசி வெள்ளித் திருமேனி அளித்ததைச் சொல்லும் கல்வெட்டு கி.பி. 966ஆம் ஆண்டினது என்பர். இவையெல்லாம் பலரும் எழுதிவிட்ட செய்திகள்.

ஆனால் ஒன்று கவனிக்க வேண்டும். கல்லில் எழுதியவர்கள் அரசரும் அரசியரும் தண்டநாயகரும் பெருவணிகரும்தான். தறி நெய்ய வந்தவனும், கரும்பு வெட்ட வந்தவனும், மூட்டை தூக்க வந்தவனும் கல்லில் எழுதவில்லை. அவன் எப்போது வந்தான், எந்த ஊரிலிருந்து வந்தான், வரும்போது என்ன கொண்டுவந்தான் என்பதற்குச் சான்று எங்கே? அடியேன் கல்லூரியில் வரலாறு படித்தவன் அல்லன்; சித்தூரில் வெல்ல மண்டி வைத்துப் பிழைத்தவன். நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக இப்பகுதியில் சுற்றியதில் எனக்குக் கிடைத்த விடை ஒன்றுதான்: அந்தச் சான்று கூத்தில் இருக்கிறது.

காலை எடுத்து வைக்காமல் குடிபெயர்ந்தவர்கள்

முதலில் ஒரு தெளிவு. இப்பகுதித் தமிழர் எல்லோரும் வெளியிலிருந்து வந்தவர்கள் அல்லர். மனிதன் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை அவனைத் தாண்டிப் போனதும் உண்டு. சித்தூர் ஒரு காலத்தில் வட ஆற்காடு மாவட்டத்தின் தலைநகர். 1911 ஏப்ரல் 1 அன்று வட ஆற்காட்டிலிருந்தும் கடப்பையிலிருந்தும் தாலுகாக்களைப் பிரித்துச் சித்தூர் மாவட்டம் அமைக்கப்பட்டது. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது அந்த மாவட்டம் முழுவதும் ஆந்திரத்தில் சேர்ந்தது. ம.பொ.சி. முதலியோர் நடத்திய வட எல்லைப் போராட்டமும், அதன்பின் வந்த படாஸ்கர் பரிந்துரையும் நாம் அறிந்தவை. 1960 ஏப்ரல் 1 முதல் திருத்தணி தாலுகாவும் அதை ஒட்டிய சில ஊர்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. அதே நாளில் பொன்னேரி, திருவள்ளூர்ப் பக்கத்து ஊர்கள் சில சத்தியவேட்டோடு ஆந்திரத்துக்குப் போயின. 2022 ஏப்ரலில் திருப்பதி தனி மாவட்டம் ஆயிற்று.

ஆக, ஒரே தெருவில் இரண்டு வகைத் தமிழர் இருக்கிறோம். பாட்டன் காலத்தில் மாட்டு வண்டியில் வந்தவர் ஒருவர். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடியே வேறு மாநிலத்தவர் ஆனவர் மற்றொருவர். இந்த இருவருக்கும் பொதுவாக நின்றது திரௌபதி அம்மன் கோயில் திடலும் அங்கே நடந்த பாரதக் கூத்தும்.

செஞ்சிச் சீமையிலிருந்து

அடியேன் பிறந்தது செஞ்சிக்கும் வந்தவாசிக்கும் இடைப்பட்ட ஒரு சிற்றூர். தமிழ்ச் சமணராகிய நயினார் குடும்பங்கள் நெடுங்காலமாக வாழும் பகுதி அது. எங்கள் மடம் உள்ள மேல்சித்தாமூரும் அப்பக்கமே. திரௌபதி வழிபாட்டுக்கு மூல இடம் என்று ஆய்வாளர் கருதும் மேலச்சேரி செஞ்சியை ஒட்டியது. ஆல்ஃப் ஹில்டபைட்டல் என்ற அமெரிக்க அறிஞர் 1988இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகச் சொல்லியிருக்கிறார். ரிச்சர்ட் ஃபிராஸ்கா 1990இல் பாரதக் கூத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். நம்மவர் கிராமத்துச் சமாச்சாரம் என்று தள்ளியதை, வெளிநாட்டவர் பாயைப் போட்டு உட்கார்ந்து விடிய விடியப் பார்த்து எழுதினார்கள்.

என் பாட்டி, உயிர்ப்பலி நடக்கும் இடத்துக்குப் போகக்கூடாது, கூத்துக்குப் போகலாம் என்று கோடு போட்டு அனுப்புவார். எங்கள் வீட்டில் பொழுது சாய்ந்தபின் உண்பதில்லை. நள்ளிரவில் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் சுண்டல் தின்னும்போது நான் வெறும் வாயோடு அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பசியோடு பார்த்தது என்பதாலோ என்னவோ, அந்தக் கூத்தின் அமைப்பு இன்றும் மனசில் அப்படியே நிற்கிறது. பகலில் வில்லிபாரதப் பிரசங்கம். இரவில் கூத்து. திரௌபதி துகில், அர்ச்சுனன் தபசு, அபிமன்னன் சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாக நடக்கும். கடைசி நாள் காலையில் மண்ணால் செய்த பெரிய துரியோதனன் உருவத்தின்மேல் படுகளம், மாலையில் தீமிதி.

1980களின் தொடக்கத்தில் பிழைப்புக்காகச் சித்தூர் வந்தேன். வந்த முதல் ஆண்டே ஒரு கோயில் திடலில் இதே வரிசையைக் கண்டேன். கோயிலுக்குப் பெயர்தான் வேறு. இங்கே அது தர்மராஜா சுவாமி கோயில். சித்தூர், புத்தூர், நகரி, சீகாளத்தி என்று இப்பகுதி எங்கும் திரௌபதி சமேத தர்மராஜா கோயில்கள் உண்டு. பகலில் தெலுங்கில் ஹரிகதை. இரவில் வீதி நாடகம். அதே தபசு மரம், அதே மண் துரியோதனன், அதே அக்கினிக் குண்டம். நெருப்பில் இறங்குவோர் எழுப்பும் “கோவிந்தா” என்ற முழக்கம் இரண்டு மொழியிலும் ஒன்றே.

அத்திடலில் ஒரு பெரியவர் என்னிடம் சொன்னார்: “எங்க தாத்தா செஞ்சிப் பக்கத்துலருந்து பிடிமண் எடுத்துக்கினு வந்தாரு. கூடவே கூத்துப் பெட்டியும் வந்துச்சு.” தாய்க் கோயிலிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துவந்து புதிய இடத்தில் கோயில் எழுப்புவது நம் குடிகளின் வழக்கம். அவரிடம் பட்டா இல்லை, பட்டயம் இல்லை. ஆனால் எந்த ஊர், எத்தனை தலைமுறை என்பது அந்த ஒரு வாக்கியத்தில் இருந்தது.

போத்துராஜா எதிர்த்திசையில் வந்தார்

கூத்து தெற்கிலிருந்து வடக்கே மட்டும் போயிற்று என்று நாம் பெருமை பேசிவிடக் கூடாது. செஞ்சிப் பக்கத்துத் திரௌபதி கோயில்களில் கையில் ஒரு தலையை ஏந்தி அம்மனுக்குக் காவல் நிற்பவர் போத்துராஜா. போர்மன்னன் என்றும் அழைப்பர். அவர் பெயரில் தனிக் கூத்தே உண்டு. அந்தப் போத்துராஜா வியாச பாரதத்திலும் இல்லை, வில்லிபாரதத்திலும் இல்லை. தெலுங்கு நாட்டில் ஊர் ஊராக அம்மனுக்குத் தம்பியாக நிற்கும் போத்துராஜுவே இவர் என்பதில் ஐயமில்லை. செஞ்சி நாயக்கர் காலத்தில் தெலுங்குக் குடிகள் தெற்கே வந்து அமர்ந்ததை வரலாறு சொல்கிறது. அவர்களோடு இவரும் வந்து, தமிழ் அம்மன் வாசலில் வேலைக்கு அமர்ந்துவிட்டார் என்பது என் ஊகம். பிறகு நம்மவர் அக்கூத்தை எடுத்துக்கொண்டு வடக்கே வந்தபோது, போத்துராஜா தம் சொந்தச் சீமைக்கே திரும்பி வந்தார். ஒரு பாத்திரத்தின் வழியாக இரண்டு குடிபெயர்ப்புகளையும் படித்துவிடலாம்.

கட்டியங்காரன் முதலில் மொழி மாறுகிறான்

கூத்தை வரலாற்றுச் சான்றாகப் படிப்பது எப்படி? கதையில் தேடினால் அகப்படாது. கதை எங்கும் பாரதக் கதைதான். எந்தப் பகுதி எந்த மொழியில் நடக்கிறது, எந்த உரிமை எந்தக் குடும்பத்துக்கு, ஆட்டக்காரரை எந்த ஊரிலிருந்து அழைக்கிறார்கள் என்பவற்றைப் பார்க்க வேண்டும்.

நான் பார்த்தவரை, மொழி மாற்றம் ஒரே நாளில் நிகழ்வதில்லை. முதலில் கட்டியங்காரன் மாறுகிறான். அவன் வேலையே திடலில் உட்கார்ந்திருப்பவனோடு பேசுவது. திடலில் தெலுங்கர் பாதி என்றால் அவன் தெலுங்கில் கேலி பேசித்தான் ஆகவேண்டும். அடுத்து வசனம் மாறும். பாட்டு நெடுநாள் தமிழிலேயே நிற்கும்; தாளமும் அடவும் அதைப் பிடித்து வைத்திருப்பதால் சொல்லை மட்டும் தனியே உருவ முடியாது. கடைசியில் பாட்டும் மாறிவிட்டாலும், கங்கணம் கட்டும் உரிமை, கரகம் எடுக்கும் உரிமை இன்ன குடும்பத்துக்கு என்பது மாறாமல் நிற்கும். அந்தக் குடும்பத்தாரைக் கேட்டால், பேச்சு தெலுங்காக இருந்தாலும் பூர்விக ஊர் தமிழ்நாட்டில் இருக்கும்.

பெங்களூரில் தர்மராயர் கோயில் கரகத்தைக் கட்டிக் காப்பவர் திகளர். தோட்டத் தொழிலில் பேர்பெற்ற அவர்களும் தமிழ் வழி வந்த குடியினரே. இன்று அவர்கள் கன்னடத்தில் கலந்துவிட்டார்கள். ஆயினும் சித்திரைப் பௌர்ணமி இரவில் அந்நகரமே அவர்களுடைய திரௌபதிக்காகக் கண்விழிக்கிறது.

மெலட்டூரில் நிலைத்தது, இங்கே ஏன் நிலைக்கவில்லை?

இங்கே ஒரு கேள்வி எழும். தஞ்சைப் பக்கம் மெலட்டூரில் பாகவத மேளா நடக்கிறது. விசயநகரம் தளர்ந்த காலத்தில் தெற்கே வந்த தெலுங்கு அந்தணர்களுக்கு அச்சுதப்ப நாயக்கர் வீடும் நிலமும் கொடுத்தார் என்றும், 510 குடும்பங்கள் அவ்வாறு அமர்ந்தன என்றும் மரபு. மெலட்டூர் வேங்கடராம சாஸ்திரி இயற்றிய நாடகங்களை நரசிம்ம ஜயந்தியை ஒட்டி இன்றும் தெலுங்கிலேயே ஆடுகிறார்கள். நானூறு ஆண்டுகள் தமிழ் நாட்டு நடுவில் தெலுங்கு நாடகம் தெலுங்காகவே நிற்க, நம் கூத்து ஆந்திர எல்லைக்குள் வந்து சில தலைமுறைகளில் தெலுங்கானது ஏன்? நமக்கு மொழிப்பற்று குறைவோ?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்து வருந்தினேன். இப்போது நினைக்கவில்லை. வியாபாரிக்குத் தெரிந்த கணக்கு இது. மெலட்டூர் நாடகம் மானிய நிலத்தில் வளர்ந்தது. பார்ப்பவனுக்குப் புரிந்தாலும் புரியாவிட்டாலும் அதன் சோறு நிலத்திலிருந்து வந்தது. அதனால் மொழியை மாற்றவேண்டிய கட்டாயம் இல்லை. நம் கூத்துக்கு மானியம் தந்தவர் யார்? ஊர் வசூல்தான். வீட்டுக்கு இவ்வளவு, கடைக்கு இவ்வளவு என்று கேட்டு வாங்கி நடத்தும் கூத்தில், பணம் கொடுக்கும் ரெட்டியாருக்கும் நாயுடுவுக்கும் புரியாத மொழியில் எத்தனை நாள் ஆடமுடியும்? அயலாரைச் சேர்த்துக்கொண்டதால்தான் அது பிழைத்தது. அந்தச் சேர்க்கைக்குக் கொடுத்த விலை மொழி. இதைப் பற்றுக் குறைவு என்று சொல்வது அக்கூத்தாடிகளுக்குச் செய்யும் அநியாயம்.

கங்கம்மாவின் வேடங்கள்

திருப்பதியில் தாத்தய்யகுண்ட கங்கம்மா ஜாத்திரையை இந்தக் கண்ணோடு பார்க்க வேண்டும். மே மாதம் ஒரு வாரம் நடக்கும் திருவிழா. பெண்களைத் துன்புறுத்திய பாளையக்காரனைத் தேடிக் கங்கம்மா நாளுக்கொரு வேடம் பூண்டு வந்தாள் என்பது கதை. பைராகி, பண்டா, தோட்டி, துரை, மாதங்கி என்று வேடங்கள் தெருவில் வரும். துரை வேடத்தில் பாளையக்காரன் தலை விழும். ஜாய்ஸ் ஃப்ளூக்கிகர் என்ற அறிஞர் 2013இல் இதைப் பற்றி நூல் எழுதினார். அம்மனுக்குச் சீர் அவிலாலா என்ற ஊரிலிருந்து வரும். வேடம் போடும் உரிமை கைகால என்னும் நெசவுக் குலத்தைச் சேர்ந்த குடும்பத்துக்கு உரியது.

கைகால என்ற பெயரைக் கைக்கோளர் என்ற பெயரோடு சேர்த்துப் பார்க்கத் தோன்றுகிறது எனக்கு. செங்குந்தராகிய கைக்கோளர், தாங்கள் முருகனின் நவவீரர் வழி வந்தவர் என்பவர்கள்; பல ஊர்ச் சூரசம்ஹாரத்தில் அவர்களே வீரபாகு முதலிய வேடம் தரித்து வருவார்கள். குலத்தின் பூர்வ கதையைத் தெருவில் உடம்பால் நடித்துக் காட்டுவது அவர்களுக்குப் பழகிய வழி. அந்தப் பழக்கமே திருப்பதித் தெருவில் கங்கம்மா வேடமாக நிற்கிறதோ என்பது என் எண்ணம். இளைய ஆய்வாளர் எடுத்துப் பார்க்கலாம்.

கடல் தாண்டியும்

இது நமக்கு மட்டும் உரிய கதை அன்று. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து புறப்பட்ட ‘ட்ரூரோ’ கப்பல் டர்பன் துறையை அடைந்தது. அதுமுதல் 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்குப் போன ஒப்பந்தக் கூலிகளில் வட ஆற்காட்டார் மிகுதி. அப்போது அதன் தலைநகர் நம் சித்தூர். அவர்கள் கொண்டுபோன தெருக்கூத்து அங்கே ‘சிக்ஸ் ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் மாறியும் ஆடப்பட்டது. ரீயூனியன் தீவில், வீட்டில் தமிழ் பேசுவது நின்றுபோன பிறகும், ‘பால் தமூல்’ என்ற பெயரில் நம் நாடகப் பாட்டுகள் மனப்பாடமாகத் தமிழில் ஒலித்தன. சிங்கப்பூர் மாரியம்மன் கோயில் தீமிதியும் பாரதக் கதையோடு சேர்ந்ததே.

இலங்கை மலையகத்தில் காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் மூன்றும் லயன் வீட்டுத் தமிழரோடு இருநூறு ஆண்டுகள் வாழ்ந்தன. 2023இல், முன்னோர் வந்த 200ஆம் ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை அம்மக்கள் நடந்தே போனார்கள். பாட்டன் நடந்த வழியைப் பேரன் காலால் மறுபடி நடந்து காட்டுவதும் ஒரு கூத்துத்தான் என்பேன்.

சமண முனிவர் என்று மரபு போற்றும் இளங்கோவடிகள் இதை அன்றே அறிந்திருந்தார். புகாரை விட்டு மதுரைக்குப் பிழைக்க வந்த ஒரு வணிகக் குடும்பத்தின் கதைதானே சிலம்பு? கண்ணகிக்குச் சொந்த ஊரிலும் வந்த ஊரிலும் வாழ்வு நிலைக்கவில்லை. மலையில் அவளைக் கண்ட குறவர்தான் குரவையாடி அவளை நினைவில் வைத்தார்கள்.

ஒரு நோட்டுப் புத்தகம்

இனிச் சொல்லப்போவது அடியேனின் குற்றம். பல ஆண்டுகளுக்கு முன், தமிழர் அமைப்பு ஒன்றின் ஆண்டு விழாக் குழுவில் இருந்தேன். வயதான கூத்து வாத்தியார் ஒருவர் வந்து, கர்ண மோட்சத்தில் ஒரு மணி நேரம் மட்டும் ஆட இடம் கேட்டார். கையில் பழைய நோட்டு ஒன்று வைத்திருந்தார். வாங்கிப் புரட்டினேன். எழுத்து முழுவதும் தெலுங்கு. ஆனால் வாய்விட்டுப் படித்தால் தமிழ்ப் பாட்டு! தெலுங்குப் பள்ளியில் படித்தவர். தகப்பனார் வாயால் சொன்ன தமிழைத் தமக்குத் தெரிந்த எழுத்தில் எழுதி வைத்திருந்தார்.

“இது தமிழ் விழா, உங்க கட்டியங்காரன் தெலுங்கு பேசுவாரே” என்று சொல்லி அனுப்பிவிட்டோம். சொன்னவன் நான்தான். அவர் சண்டை போடவில்லை. நோட்டை மடித்துத் துண்டில் சுற்றிக்கொண்டு போனார். அந்த ஆண்டு வாடகைக் கிரீடம் வைத்து இராசராச சோழன் நாடகம் போட்டோம். நல்ல கைதட்டல்.

சில ஆண்டுகள் கழித்துப் புத்தி வந்து அவர் வீட்டைத் தேடிப் போனேன். அவர் காலமாகியிருந்தார். நோட்டுகளைக் கேட்டேன். மகன் நல்ல மனிதர், மெல்லச் சொன்னார், “பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுட்டோம் சார், தெலுங்கும் இல்ல, தமிழும் இல்ல, யாருக்கும் படிக்க வரல.” நம் குடிவரவுக்கு அதைவிடத் தெளிவான ஆவணம் எந்தக் கோயில் கல்லிலும் நான் கண்டதில்லை. அது எடைக்குப் போயிற்று.

செய்யவேண்டியவை

இராசராசனை மேடையேற்றுவதில் குறை சொல்லவில்லை. ஆனால் நம் பிள்ளைகளுக்குத் தஞ்சை தெரிகிறது, தன் பாட்டன் வந்த வழி தெரியவில்லை. ஆகவே சங்கத்தாருக்கு இரண்டு வேண்டுகோள்.

ஒன்று: சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் எஞ்சியுள்ள வாத்தியார்களின் நோட்டுகளை, எந்த எழுத்தில் இருந்தாலும், படமெடுத்து வைக்க வேண்டும். கங்கணம், கரகம், வேடம் ஆகிய உரிமைகள் எந்தக் குடும்பத்துக்கு, அவர்கள் பூர்விகம் எது என்பதை ஊர்வாரியாகக் கேட்டு எழுத வேண்டும். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பொறுமை இருந்தால் போதும்.

இரண்டு: அடுத்த ஆண்டு விழாவில் நம் கதையையே கூத்தாகப் போட வேண்டும். பிடிமண் முடிந்து வண்டியேறிய குடும்பம், தறியைத் தோளில் தூக்கி வந்தவர், டர்பனுக்குக் கப்பலேறியவர், 1953லும் 1960லும் திண்ணையில் இருந்தபடியே எல்லை மாறக் கண்டவர் என்று காட்சிகள் தாமாகவே வரும். கட்டியங்காரன் தமிழும் தெலுங்கும் கலந்து பேசட்டும். அக்கம்பக்கத்துத் தெலுங்கு அன்பர்களையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைப்போம். அவர்கள் வசூலிலும் சேர்ந்துதானே நம் கூத்து இத்தனை காலம் நடந்தது.

இம்மலரைப் படிப்பவர் வீட்டுப் பரணில் அப்படிப்பட்ட நோட்டு ஒன்று கிடக்குமானால், எடைக்குப் போடுமுன் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லி அனுப்புங்கள். தெலுங்கு எழுத்தில் இருந்தால் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள்.